கண் எடுத்தால் கை இல்லை

மார்ச் 4, செவ்வாய்
காலமை மழையும் பனியும் கலந்து. தெரபி பத்து மணிக்கு.
ஸ்ட்ரோக் வந்து இரண்டு மாதம். இடது கை அசையுது, பலமும் இருக்கு. உணர்ச்சிதான் இல்லை. கண்ணை மூடினால் கை எங்கை கிடக்கெண்டே தெரியாது. கையிலையிருந்து மூளைக்குப் போற செய்தி நிண்டுபோச்சாம், இப்ப கண்தான் அந்த வேலையைப் பாக்குதாம். தெரபிஸ்ற் சொன்னா.
கையைப் பார்த்தபடி கப்பைப் பிடிச்சன். நல்லாய் நிண்டுது. சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னா. கப் நிலத்திலை.
வாங்க: பால், பாண், பிளாஸ்ரிக் கப்.

மார்ச் 6, வியாழன்
தலைக்குப் பின்னாலை போனால் கை துலைஞ்சுபோகுது. இவர்தான் தினமும் தலை இழுத்துப் பின்னிவிடுறார், ஆறரைக்கு வேலைக்கு வெளிக்கிடமுதல். இண்டைக்கு, கட்டையாய் வெட்டிவிடுவம் எண்டன். சீப்பை வச்சிட்டுப் போனார். பிறகு காருக்குள்ளை இருந்து போன்.
"தலைமயிர் உம்மடை. என்ரை சுகத்துக்காக வெட்டவேண்டாம்."
அழுதன். கனநேரம்.

மார்ச் 8, சனி
வெயில். மகள் அபிக்கு ஒரு யோசினை. என்ரை முதுகுக்குப் பின்னாலை தன்ரை போனை நிறுத்தி, அதிலை தெரியிறதை முன்னாலை ரீவியிலை போட்டாள். என்ரை பின்னந்தலை! நினைச்சதைவிட நரை.
கையைத் தூக்கினன். ரீவியிலை கை கொஞ்சம் பிந்தி வந்துது. ஒரு நொடிகூட இல்லை. ஆனாலும் விரலெல்லாம் குழம்பி நிண்டிட்டுது. ஆரோ ஒருத்தியின்ரை கை.
"வைஃபை ஸ்லோ அம்மா. வெயிற் பண்ணுங்கோ."
வயர் ஒண்டு எடுத்துவந்து போனை ரீவியோடை நேரை பொருத்தினாள். இப்ப நான் அசைக்கேக்கையே அதுவும் அசைஞ்சுது. தலைமயிரை மூண்டாய்ப் பிரிச்சன். இரண்டு தரம் அவிண்டுது. மூண்டாம் தரம் நுனிவரை பின்னி முடிச்சன். சரியான கோணல். அபி படம் எடுத்தாள்.

மார்ச் 10, திங்கள்
பிந்தி வந்த கையை ஏன் என்ரை இல்லையெண்டு நினைச்சன்? தெரபிஸ்ற்றிட்டைக் கேட்டன். தான் அனுப்பின கட்டளையையும் கண் காட்டுறதையும் மூளை ஒப்பிட்டுப் பார்க்குமாம். பொருந்தாட்டில் தன்ரையெண்டு ஏற்காதாம்.
உணர்ச்சி திரும்பி வருமோ எண்டும் கேட்டன். தனக்குத் தெரியாது எண்டா. பொய் சொல்லேல்லை, அது பிடிச்சுது.
பஸ்ஸிலை முழுக்க யோசினை. நாற்பத்தாறு வருசம் எத்தினையைப் பார்க்காமலே செய்தனான்.

மார்ச் 15, சனி
இப்பவும் ரீவியைப் பார்த்துத்தான் பின்னல். கால் மணித்தியாலம். இவர் பக்கத்திலை நிண்டு கோப்பி குடிக்கிறார், உதவிக்கு வாறதில்லை.
பின்னேரம் அஜக்ஸிலை தங்கச்சி வீட்டை போட்டு வரேக்கை 401 பெருந்தெருவிலை நெரிசல். நான் யன்னலுக்கு வெளியாலை பார்த்துக்கொண்டு வந்தனான். தற்செயலாய்க் குனிஞ்சால், இவர் ஒரு கையாலை காரோடிக்கொண்டு மற்றக் கையாலை என்ரை இடது கையைப் பிடிச்சிருக்கிறார்.
எப்ப பிடிச்சனீங்கள் எண்டன்.
"ரூஜ் ஆத்துப் பாலத்தடியிலையே." அதைத் தாண்டி இருபது நிமிசம் இருக்கும்.
பார்த்துப் பார்த்து விரலை மடக்கி நானும் பிடிச்சன். வீடு வரும்வரை வேறை எங்கையும் பார்க்கேல்லை.