சித்தப்பா கை தூக்கிய படம்

அன்பு மகள் வக்கீலம்மாவுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஃபிரேம் கடையிலுள்ள கண்ணாடிகளும் இதுவரை உடையாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த ஆய்வகத்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நான் வைத்த பேருக்கேற்ற வக்கீலாகப் பாதியிலேயே நான் அப்பவே சொன்னேன்ல என்று ஆரம்பிப்பாய், கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. ஆனாலும் நீ சொன்னதுதான் சரி என்பதை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் கடைசிப் பத்தி வருவதற்குள் எனக்கு மனசு மாறிவிடலாம், என் குணம் உனக்குத் தெரியும்.

முதலில் அம்மா. திங்கள், புதன், வெள்ளி வழக்கம்போல டயாலிசிஸ் போகிறாள். நம் தெருமுனை மருத்துவமனையில் இருக்கிற ஆறு இயந்திரத்தில் ஜன்னலோரம் இருப்பது அவளுடையது, வேறு யாராவது அங்கே படுத்துவிட்டால் பேருந்தில் துண்டு போட்ட இடம் பறிபோனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறாள். நாலு மணி நேரம் இடது கையை அசைக்கக் கூடாது, வாயை அசைக்கலாம், அசைக்கிறாள். அந்த நர்ஸின் மாமியார் செய்கிற அக்கிரமங்கள் முழுவதும் இப்போது எனக்கு மனப்பாடம், எழுதினால் தபால் கனத்துப்போகும். போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கொஞ்சம் பி.பி. இறங்கிப்போனது, காலைத் தூக்கிவைத்து அரை மணி நேரத்தில் சரிபண்ணிவிட்டார்கள், நீ பயப்படாதே. பயப்பட வேண்டிய விஷயம் வேறே இருக்கிறது, அதற்குத்தான் வருகிறேன்.

நம் தொகுதி உறுப்பினரை உனக்குத் தெரியும். ஊரே அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் நாற்காலி எடுத்துப்போட முதலில் வந்து நிற்கிற மனிதர். உன் சொந்தச் சித்தப்பா, என் உடன்பிறந்தவன், உன் பிறந்தநாள் எந்த மாதம் என்றுகூடச் சொல்ல மாட்டான், இவர் உனக்குக் கார்டு அனுப்பினார். அந்த மருத்துவமனையில் டயாலிசிஸை மூடிவிட்டு எல்லோரையும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, போக இரண்டு மணி வர இரண்டு மணி பேருந்தில் உன் அம்மா எப்படித் தாங்குவாள் என்று நான் கடை வாசலில் மேஜை போட்டு மூவாயிரம் கையெழுத்து வாங்கினேன் அல்லவா, அதைச் சித்தப்பாவிடம்தான் கொடுத்தோம். வாங்கும்போது அவர் கண் கலங்கியது, நான் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்துப் பேப்பரில் அவர் படம், சட்டசபையில் எழுந்து நின்று கையை உயரத் தூக்கியபடி. நமக்காகத்தான் தூக்கியிருக்கிறார் என்று எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. படம் எடுத்தவரிடமே பெரிய பிரதி வாங்கி, படத்தைச் சுற்றி நல்ல மவுண்ட் அட்டை போட்டு, தங்க நிற ஃபிரேம் அடித்து, அட்டையில் உன் அம்மாவை விட்டு அவள் அழகான எழுத்தில் 'நமக்காக உயர்ந்த கை' என்று எழுதவைத்து, ஒன்று இரண்டு இல்லை, இருபத்துமூன்று படம் ஊர் முழுக்க மாட்டினேன். முடிவெட்டும் கடை, தையல் கடை, மருந்துக் கடை, அம்மா படுத்திருக்கிற ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் உட்பட. போன முறை நீ வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "அவர் எங்கெங்க வந்தார்னு எல்லாரும் சொல்றீங்க, எதுக்கு ஓட்டுப் போட்டார்னு ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டேங்கறீங்களேப்பா" என்றாய். வெளிநாட்டுத் தண்ணீர் சந்தேகத்தை வளர்க்கிறது என்று அதை நான் மூன்று வாடிக்கையாளரிடம் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தேன். அந்த மூன்று பேரையும் இப்போது தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறேன்.

விஷயம் இப்படி வெடித்தது. சித்தப்பா உறுப்பினராகிப் பத்து வருஷம் ஆகிறதென்று அவருடைய உதவியாளர் ஒரு கண்காட்சி வைக்கிறார், படமெல்லாம் நம் கடையில்தான் ஃபிரேம் போடுகிறது. நம் கடையை விட்டுப் போகிற எந்தப் படத்துக்கும் பின்னால் தேதியும் என்ன சந்தர்ப்பம் என்பதும் எழுதிய சீட்டு ஒட்டாமல் நான் அனுப்புவதில்லை, அது உனக்குத் தெரியும், சின்ன வயதில் உன் முதுகில்கூட ஒன்று ஒட்டியிருக்கிறேன். எல்லாப் படத்துக்கும் சீட்டு எழுதிவிட்டேன், கை தூக்கிய படத்துக்கு மட்டும் தேதி இருக்கிறது, சந்தர்ப்பம் இல்லை. மசோதாவின் பெயரைச் சரியாகப் போட்டால் கௌரவமாக இருக்குமே என்று நூலகத்துக்குப் போனேன். இந்தக் கிறுக்குத்தனம் இல்லாமலிருந்தால் இன்றுவரை நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பேன். நூலகர் அம்மா கணினியில் சபைக் குறிப்பை எடுத்துத் தந்தார். அந்தத் தேதியில் மத்தியானம் ஒரே ஒரு வாக்கெடுப்புதான் நடந்திருக்கிறது. சிறு மருத்துவமனைகளின் டயாலிசிஸ் பிரிவுகளை மூடிப் பெரிய மருத்துவமனையோடு சேர்க்கிற மசோதா, முதல் வாக்கெடுப்பு. ஆதரித்துக் கை தூக்கியவர்கள் அறுபத்தொரு பேர். பதினோராவது பெயர் சித்தப்பா. எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது என்று நினைத்துக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், பதினோராவதாகவே இருந்தார். பக்கத்து நாற்காலியைத் தொட்டுப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன், மகளே. எதிர்த்தவர்கள் பட்டியலில் தவறுதலாகவாவது இருக்கிறாரா என்று இரண்டு தரம் தேடினேன். எங்கள் கையெழுத்தால்தான் இன்னும் மூடாமல் இருக்கிறார்கள் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேனே, அதுவும் இல்லை, இரண்டாவது வாக்கெடுப்பு பாக்கி, அது வருகிற பத்தொன்பதாம் தேதி, அவ்வளவுதான்.

நூலகர் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி, பத்து வருஷத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். பள்ளிக்கூடத்து வழியாகப் போன பேருந்தை நிறுத்தியதற்கு ஆதரவு. அந்தக் கடைசிப் பேருந்தில் நம்மோடு நின்றுகொண்டே பயணம் செய்தவர் இவர்தான், படம் நம் கடையில் போட்டது. நூலகத்தைச் சாயங்காலம் மூடுவதற்கு ஆதரவு. அந்தக் கடைசிச் சாயங்காலம் வந்து, இந்த விளக்கை என் கையால் அணைக்க வேண்டியிருக்கிறதே என்று பேசி நூலகர் அம்மாவை அழவைத்தவரும் இவர்தான். அந்தப் படமும் நான் போட்டதுதான், நூலகர் அம்மாவின் மேஜைமேலேயே இருக்கிறது. அந்த அம்மா அதை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். இந்த ஊருக்கு எங்கெல்லாம் வெட்டு விழுந்ததோ அங்கெல்லாம் மருந்தோடு முதலில் ஓடிவந்தவரும் அவர், வெட்டியவர்களில் ஒருவரும் அவர். ஆறுதல் சொன்ன ஒவ்வொரு தடவையையும் நான் ஃபிரேம் போட்டுத் தந்திருக்கிறேன்.

சனிக்கிழமை அவர் சமூகக்கூடத்தில் மனு வாங்குகிற நாள். பேச வேண்டியதை முதல்நாளே கடையில் ஒத்திகை பார்த்தேன், விற்பனைக்கு மாட்டியிருக்கிற எட்டு நிலைக்கண்ணாடியிலும் நானே, எட்டுப் பேரும் ஆவேசமாகத்தான் பேசினோம். வரிசையில் போய் நின்றேன், முன்னால் தையற்காரர், பின்னால் மருந்துக் கடைக்காரர் மனைவி. என் முறை வந்ததும் சித்தப்பா எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணிக்கு வெள்ளிக்கிழமை பி.பி. இறங்கிடுச்சாமே, இப்ப எப்படி இருக்கு என்று கேட்டார். உனக்குக்கூட நான் அதுவரை சொல்லாத விஷயம். எட்டு வீரரில் ஏழு பேர் அங்கேயே ஓடிப்போனார்கள். மிச்சமிருந்த ஒருவன் நூலகத்துத் தாளை நீட்டினான். படித்தார். முகம் மாறும் என்று காத்திருந்தேன், மாறவில்லை. "அண்ணே, அங்க கட்சி சொன்னா கை தானா மேல போயிடும். அதையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. இங்க உங்க முன்னாடி நிக்கறவன்தான் நிஜ ஆள்" என்றார், என்னவோ காலை மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்பது போல. டயாலிசிஸ் பெரிய மருத்துவமனைக்கு மாறிப்போனால் வாரம் மூன்று நாளும் வண்டி ஏற்பாடு செய்கிறேன், முதல் நாள் நானே அண்ணியோடு கூட வருகிறேன் என்றார். வருவார், மகளே, சத்தியமாக வருவார், அதுதான் சங்கடம். வரிசையில் நின்றவர்கள் நெகிழ்ந்துபோய்விட்டார்கள். தையற்காரர் என் காதில், "எந்தப் பெரிய மனுஷன்ணே இப்படி நேருக்கு நேர் ஒத்துக்குவான்?" என்றார். இதைவிடக் கேவலத்தைக் கேள். என் கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது, என் வாய் என்னைக் கேட்காமலே ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டது. அவருக்குக் கை தானாக மேலே போகிறதென்றால் எனக்கு வாய் தானாகத் திறக்கிறது, இரண்டு பேரில் யாரைக் குறை சொல்வது என்று வீடு வரைக்கும் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் பயந்தேன். திங்கட்கிழமை அவள் இயந்திரத்தில் இருக்கும்போது, நர்ஸ் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில், சொன்னேன். எதிர்ச் சுவரில் அந்தக் கை எங்களைப் பார்த்து உயர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அப்புறம், "அதுக்குக் கீழ இருக்கறது யார் கையெழுத்து?" என்றாள். உன்னுது என்றேன். "அப்ப நான்தான் திருத்தணும்" என்றாள். திட்டுவதற்குச் சுவையான வாக்கியம் நாலைந்து நான் தயார் பண்ணி வைத்திருந்தேன், அதில் ஒன்று நிஜமாகவே நன்றாக இருந்தது, அவள் ஒன்றையும் ஏற்கவில்லை, வசவு வேண்டாம், நடந்ததை மட்டும் போடலாம் என்றுவிட்டாள். புதன்கிழமை அட்டைச் சீட்டுகளை வெட்டிக்கொண்டு போனேன். இடது கையில் ஊசி, வலது கை சும்மாதானே இருக்கிறது என்று, மடியில் பலகை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். தேதி, மசோதாவின் பெயர், ஆதரவு, அடுத்த வாக்கெடுப்பு பத்தொன்பது. நாலே வரி. புதனும் வெள்ளியுமாக இருபத்துமூன்றையும் முடித்தாள், கண்காட்சிக்குப் போக வேண்டிய பெரிய படத்துக்கும் சேர்த்து ஒன்று. முதல் சீட்டை நர்ஸே ஸ்டூல் போட்டு ஏறிப் பழையதன்மேல் ஒட்டினார். நான் மற்றக் கடைகளுக்குப் போய்க் கேட்டேன். பதினாலு பேர் சரி என்றார்கள், எட்டுப் பேர் மாட்டேன் என்றார்கள். அவர் நம்மாளுண்ணே, எங்கப்பா சாவுக்கு நின்னவரு என்று தையற்காரர் கதவைக்கூடப் பாதிதான் திறந்தார். நின்றார்தான், நானும் பார்த்தேன், சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவந்தேன். முடிவெட்டுகிறவர் மட்டும் சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டு, பாதி மழித்த ஒருவரை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்கு நடந்து போனார், அவர் அக்கா மூன்றாவது படுக்கை. உதவியாளர் போனில் கத்தினார், பெரிய படத்தில் அந்தச் சீட்டு எதற்கு என்று. இத்தனை வருஷமாகப் பின்னால் ஒட்டியதை இந்தத் தடவை முன்னால் ஒட்டியிருக்கிறேன், வேறொன்றும் இல்லை என்றேன். உன் அப்பன் வாழ்க்கையில் உருப்படியாகப் பேசிய ஒரே வாக்கியம், கேட்கத்தான் கடையில் ஆள் இல்லை.

நேற்று சித்தப்பாவே கடைக்கு வந்தார், தனியாக. கண்காட்சிக்கு இன்னும் போகாமல் கடையில் மாட்டியிருந்த பெரிய படத்தின் சீட்டைப் படித்தார், நாலு வரிக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அண்ணி எழுத்தா என்றார், ஆமாம் என்றேன். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அதே அளவில், அதே தங்க நிறத்தில், கண்ணாடி மட்டும் போட்டு உள்ளே ஒன்றுமில்லாத ஒரு ஃபிரேம் மாட்டியிருக்கிறேன். இது எதுக்கு என்றார். "பத்தொன்பதாம் தேதி படத்துக்கு" என்றேன். அந்த வெறும் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். கை கொடுக்காமல் போனார், இந்தப் பத்து வருஷத்தில் முதல் தடவை.

லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே, வந்தாலும் சபையில் உன்னை உட்காரவிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவைக் கூப்பிடு, மற்ற நாளில் களைத்திருப்பாள், இதைப் பற்றிப் பேசினால் நீ அழாதே, அவள் அழவில்லை. நீ நன்றாக இரு, உன் சந்தேகம் உன்னோடு நூறு வருஷம் இருக்கட்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் அதற்கும் சேர்த்துத்தான். அம்மா எழுதிய சீட்டில் மீந்துபோன ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன், மடிக்காமல் வைத்துக்கொள். கடைசி வரி கொஞ்சம் கீழே சரிந்திருக்கும், அது நாலாவது மணி நேரம்.

உன் அசட்டு அப்பா