பஞ்சுவுக்குச் சுற்றிப் போட்டோம்

செவ்வாய்க்கிழமை, விழுப்புரம்.

திண்டிவனத்தில் அக்கா வீட்டிலிருந்து பூனையைத் தூக்கி வந்ததிலிருந்து அது பீரோவுக்கு அடியிலேயே கிடக்கிறது. அப்படி என்ன பயமோ. நான் குனிந்து "பஞ்சு" என்று கூப்பிட்டால் இன்னும் உள்ளே போகிறது.

"கண்ணு பட்டுருக்கும். சுத்திப் போட்டா ஜல்தியா வந்துடும்" என்றார் அத்தை. நானும் தலையாட்டினேன். பீரோவுக்கு முன்னால் சுற்றிய உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போட்டதும் படபடவென்று வெடித்தது. வீடெல்லாம் நெடி. பஞ்சு சுவரேறப் பார்த்து, மறுபடியும் பீரோவுக்கு அடியில் புகுந்தது. நெடி வந்தால் கண் படவில்லை என்று சொல்வதும் அத்தைதான். அப்படியானால் வேறென்ன?

"நாளைக்கும் இப்படியே ஒளிஞ்சிக்கினு இருந்தா உங்க அக்கா வூட்லயே உட்டுட்டு வந்துடலாம்" என்றார் இவர்.

கோபத்தில் பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்தேன். மெல்ல வந்து என் புடவையை முகர்ந்தது. ஆசையாகத் திரும்பினேன். ஓடிவிட்டது. கொஞ்சினால் ஓடுகிறது, கண்டுகொள்ளாவிட்டால் வருகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இதை எழுதும்போது முதுகில் ஏதோ வெதுவெதுப்பாகச் சாய்கிறது. கால் மரத்துப்போய்விட்டது. திரும்ப மாட்டேன்.