மிளகியின் எடை

நாள் 212, காலை 6.10
விண்வெளி விலங்குக்கூடம், நிலாச் சுற்றுப்பாதை. காப்பாளர் வாகீசன், தனியாள். காற்று, நீர் சரி. தண்ணீர் வாளியைச் சுழற்றினால் நீர் சிந்தாமல் அடியில் ஒட்டி நிற்கும் அல்லவா? அப்படித்தான் இந்த வளையம் சுழன்று எங்களுக்கு எடை தருகிறது. கடைசிப் பெண் வரையாடு மிளகி, நிறைமாதம். கடந்த நாற்பது நாள்போல் இன்றும் மதியத்திலிருந்து சுழற்சியைக் குறைத்து அவளுக்கு ஓய்வு கொடுப்பேன்.

காலை 9.25
பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகிறது. ஸ்கேனில் குட்டி குறுக்கே கிடக்கிறது. இப்படியே விட்டால் இரண்டு உயிரும் போகும். பூமியிலிருந்து கால்நடை மருத்துவர் செண்பகவல்லி பேசினார்.
"தினமும் எடையைக் கொறச்சீங்களா? யாரு சார் சொன்னது?"
"புள்ளத்தாச்சி ஆச்சேம்மா, பாவமா இருந்துச்சு."
"நல்லா பாவம் பாத்தீங்க! எடை இல்லாம குட்டி எப்படித் திரும்பும்?"
பையைத் தரையில் தட்டினால்தான் அரிசி அடியில் இறங்கும். நாற்பது நாளாக நான் தட்டவே விடவில்லை.

காலை 9.50
முழுச் சுழற்சி. எடை 1.0, பூமியில் உள்ள அளவு. அச்சு சூடாகிறது.
"மோதிரத்தக் கழட்டுங்க, நகத்த வெட்டுங்க. பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு சுத்தமா இருந்திருக்க மாட்டீங்க."
சிரிப்பு வரவில்லை. மிளகிக்குக் கால் நடுங்குகிறது.

காலை 10.20
1.2 கேட்டார். கொடுத்தேன். குட்டி சற்றுத் திரும்பியது. கையை உள்ளே விட்டேன். முதலில் முதுகெலும்பு, பிறகு ஒரு குளம்பு.
"முன்னங்காலா, பின்னங்காலா?"
இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடிந்தால் முன்னங்கால். மடிந்தது.
"இழுக்காதீங்க சார். அவ முக்கும்போது மட்டும்."

காலை 10.48
வந்துவிட்டது. பெண் குட்டி. மூச்சு இருக்கிறது. மிளகி நக்குகிறாள்.
சுழற்சியைக் குறைக்கப் பார்த்தேன். பிரேக் எரிந்துவிட்டது. மோட்டார் கட்டளையைக் கேட்கவில்லை. எடை 1.4, ஏறுகிறது. மோட்டாரை நிறுத்தும் கைப்பிடி, வளையத்தின் நடு அச்சுக்குப் போகும் ஏணியின் உச்சியில்.

11.05
1.7. நான்கு படி ஏறினேன். விழுந்தேன். இடது கால் முறிந்திருக்கிறது.
"ஏறாதீங்க சார், படுத்துக்கங்க. நிலாவுலருந்து மீட்புக் கப்பல் கெளம்பிருச்சு, வர நாலு மணி நேரம். சார்? சத்தம் குடுங்க சார்."

11.20
2 இருக்கும். விரலைத் தூக்கவே கனக்கிறது. மூச்சு பாதிதான். மிளகி படுத்துவிட்டாள், மடி என் பக்கம்.
குட்டி எழுந்தது. விழுந்தது. எழுந்தது. இது கனம் என்று அதற்கு யார் சொன்னார்கள்.
மடியை நோக்கி ஓர் அடி. இரண்டு. மூன்றாவ