நாக்கால் பிரித்த இலைகள்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், வாய்தான் இன்னும் கரிக்கிறது.

இங்கே ஆராய்ச்சித் தோட்டத்தில் ஒரு வரிசை அலையாத்திக் கன்றுகளுக்கு உப்புத்தண்ணீரும் அடுத்த வரிசைக்கு நல்ல தண்ணீரும் ஊற்றுகிறேன். இலையின் ஒவ்வொரு செல்லும் உப்பைத் தனக்குள் இருக்கும் ஒரு பையில் தள்ளி அடைத்துவிடுமாம். பை நிரம்பினால் மரம் அந்த இலையையே உதிர்த்துவிடும். உதிர்ந்ததை வரிசைவாரியாக எடை போட வேண்டும். நானோ சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் ஒரே குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டேன்.

தூ, என்ன நாற்றம். ஒவ்வொன்றாக எடுத்து நக்கிப் பார்த்து, உப்புக் கரித்ததைத் தனியாக வைத்தேன். ஆராய்ச்சி செய்யும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டி, உன் எச்சில் பட்டத நான் எப்படி எடை போடுவேன்? இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, பெட்டியக் கட்டிடு."

காலேஜைப் போல இதையும் பாதியில் விட்டுவிட்டு உங்கள் முன்னால் வந்து நிற்க மாட்டேன்.

ஒரு நாக்கு வழிப்பானும் கைவெடிப்புக்குக் களிம்பும் அனுப்புங்கள். என்மேல் கோபம் தீராவிட்டாலும், பார்சலில் விலாசத்தைத் தம்பியை எழுதச் சொல்லாமல் நீங்களே எழுதுங்கள். தண்ணீர் ஊற்றக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மூத்தவள்