பதினாலாம் எண் கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாலு வணக்கத்துடன் எழுதுவது. முட்டி வலி குறைந்ததா? நான் நலம். கொழுப்பும் குறையவில்லை.

ஸ்டுடியோ முதலாளிக்காகப் பழைய தெருவில் கதவுகளைப் படம் எடுக்கிறேன் அல்லவா? படங்கள் கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு கதவின் மூலையிலும் சாக்பீஸால் எண் போடுவேன். நேற்று அந்தத் தெருத் தையல்காரர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நீ நம்பர் போட்டுட்டுப் போன பூட்டின வீட்டுல இப்போ கதவையே காணோம். யாருடா நீ?"

"காத்தாவது வரட்டுமேண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கும் முதலாளி மேல் சந்தேகம் வந்தது. ஸ்டுடியோ பின்னறையில் தார்ப்பாயைத் தூக்கினால், சுவரில் சாய்த்தபடி ஒரு கதவு. சாத்திய கதவு என்பது இதுதான் போலிருக்கிறது. மூலையில் 14, என் கோழிக்கிறுக்கல். நான் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் முதலாளி கழற்றியிருக்கிறார். மூச்சுவிடாமல் வந்து தையல்காரரிடம் சொன்னேன்.

"ஸ்டேஷனுக்குப் போலாம். ஆனா நீ கூட்டாளி இல்லன்னு யாரு சொல்லுவா? இங்க உன்னைத் தெரிஞ்சவங்க யாரு?"

இங்கே என்னைத் தெரிந்தவர் அந்த முதலாளி ஒருவர்தான், அம்மா.

பயப்படாதே. உறையின் பின்னால் தையல்கடை விலாசம் இருக்கிறது. நான் யார் பிள்ளை என்று உன் கையால் அவருக்கு எழுதிப் போடு. சேட்டைக்காரன் என்றும் எழுதிக்கொள். திருடன் இல்லை என்பதை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன் வாலு