கழித்த இரண்டு கிலோ

அன்பு மகள் ரேணுகாதேவிக்கு, போன செவ்வாய்க்கிழமை உன் தம்பி ஹேமநாத்தை அரிசி மில்லுக்குக் கூட்டிப்போய், நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றி நிறுத்தேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் போன் பகலெல்லாம் அவனிடம்தான் இருக்கிறது, புடவை போட்டோ அனுப்புவதும் ஆர்டர் பார்ப்பதும் அவன்தான், உனக்கு நான் எதை அனுப்பினாலும் அவன் கண்ணில் படும். எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் மகன் வியாழக்கிழமை டப்ளினுக்குக் கிளம்புகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கடைக்கு வந்திருந்தார்கள். ஹேமநாத் கூறைப்புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவன், முந்தானையைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டான். குறட்டை வந்தது, அந்த அம்மாவும் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு குறட்டை நின்றது, கூடவே மூச்சும் நின்றது. உதடு கறுத்துப்போனதைப் பார்த்து நான் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். விழித்துக்கொண்டு, இன்னாத்துக்குமா அடிக்கற என்று கேட்டான். தூங்கியதே அவனுக்குத் தெரியவில்லை. சிரித்தவர்கள் புடவையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள், அது போகட்டும். சர்க்கரை டாக்டரிடம் அன்றே கூட்டிப்போனேன். இது சோம்பல் இல்லை, உடம்பில் ஏறின கொழுப்பு தொண்டையை அடைக்கிறது, இப்படியே விட்டால் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விடுவான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். வேலூரில் இரைப்பையைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் செய்கிறார்கள், எடுத்த உடனே கத்தி வைக்க மாட்டார்கள், முதலில் போய்ப் பேசுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, வயித்தக் கிழிச்சிதான் இளைக்கணுமா, ரெண்டு இட்லி கம்மியா துன்னா ஆவாதா என்றார். இரண்டு இட்லியும் குறைத்தாயிற்று, கொள்ளுக்கஞ்சியும் ஆயிற்று, நடையும் ஆயிற்று, ஒவ்வொரு தடவையும் இறங்கினது இரண்டு மடங்காய்த் திரும்பி ஏறியதை நீயும்தான் பார்த்தாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை ரேணு.

வேலூருக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பேர், வயசு, உயரம் கேட்டுவிட்டு எடை கேட்டாள். எடை எங்களுக்குத் தெரியாது. அதைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை அந்தச் சர்க்கரை டாக்டரிடமே திரும்பப் போனோம், அங்கே மிஷினில் அவன் ஏறினால் வெறும் கோடுதான் வந்தது. இது நூத்தம்பதுக்கு மேல காட்டாதுக்கா, பெரிய தராசா இருந்தா பாத்துகினு வந்துருங்க என்றாள் நர்ஸ். பெரிய தராசு என்றால் என் புத்தி எங்கே போகும்? வேலை ஜல்தியாய் முடியட்டும் என்று அங்கிருந்தே மில்லுக்குக் காரை விடச் சொன்னேன். வேணாம்மா என்று ஒரே ஒரு தடவை சொன்னான். லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம். எடை போடுகிற மாணிக்கவேல் கெட்ட மனுஷன் இல்லை, மூட்டைக்குக் கூவிக்கூவிப் பழகின வாய், இவன் எடையையும் ராகம் போட்டுக் கூவிவிட்டார். அந்தக் கோடியில் கணக்கு எழுதுகிறவர் தலை நிமிராமலே, சாக்குக்குக் கழிச்சிட்லாங்களா என்று கேட்டார். லோடுமேன்கள் சிரித்தார்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். யாராவது விலை சொன்னால் குறைத்துக் கேட்டே பழகினவள், என்னை அறியாமல், சட்டை பேண்ட்டு செருப்புக்குச் சேத்து ரெண்டு கிலோவா கழிங்க என்றேன். அப்போது சிரிப்பு இன்னும் பெரிசாய் எழுந்தது. ஹேமநாத் என்னை ஒரு பார்வை பார்த்தான், இறங்கினான், கார் சாவியை என் கையில் வைத்துவிட்டு அந்த வெயிலில் வீடு வரைக்கும் நடந்தே போனான். மூச்சு வாங்கி வாங்கி நின்று போகிறதைப் பார்த்தும் பின்னால் போக எனக்குத் தைரியம் இல்லை.

அதற்கப்புறம் கடைக்கு வருகிறான், வாங்கக்கா உக்காருங்கக்கா என்று எல்லோரிடமும் பேசுகிறான், என்னிடம் மட்டும் இல்லை. வீட்டில் சாப்பிடுவதில்லை, கடையின் பின்னறையில் புடவைப் பெட்டிகளுக்கு நடுவே பரோட்டா பார்சல் கவர் கிடக்கிறது. வேலூரில் நாள் கொடுத்துவிட்டார்கள், அடுத்த மாதம் முதல் வெள்ளி. எனக்கு ஒண்ணும் இல்ல, வரமாட்டேன்னு சொல்லு என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினான். இரண்டு பையில் புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தவாசியில் வீடு வீடாய் ஏறி இறங்கி இந்த வியாபாரத்தைப் பிடித்தவள் நான், கதவைச் சாத்தினவர்களையும் திறக்க வைத்திருக்கிறேன், என் பிள்ளை கதவைத் தட்ட எனக்குக் கை எழவில்லை. மத்தியானம் கடையில் அவன் கண் மூடினால் நான் வேலையை விட்டுவிட்டு அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், நீதான் அவனிடம் பேச வேண்டும். திட்டாதே, எடை குறைக்கிற வீடியோ அனுப்பாதே, இளைத்தால் பெண் கிடைக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதே, அதை நான் ஏற்கெனவே சொல்லிக் கெடுத்தாயிற்று.

இவ்வளவும் நேற்று எழுதி மடித்து வைத்திருந்தேன். இன்று காலை கடை திறந்ததும் ஹேமநாத் எதிரே வந்து நின்றான். என்னைப் பார்க்காமல் புடவையை மடித்துக்கொண்டே, வேலூருக்கு வர்றேன், ஆனா நான் சொல்றதுக்கு ஒத்துக்கணும் என்றான். சொல்லுப்பா என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவனே உனக்குப் போன் செய்து, வேலூருக்குக் கூட வரச் சொல்லிக் கேட்பான். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். அவன் சொல்லும்போது புதிதாய்க் கேட்கிற மாதிரியே கேட்டுக்கொள், லீவு இல்லை என்ற சொல் உன் வாயிலிருந்து வரக்கூடாது, உன் ஆபீசில் நான் பேச முடியுமென்றால் பேசுவேன். படவேட்டு ரேணுகாம்பாள் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தக் குறையும் வைக்காமல் துணை இருக்கட்டும். ஆபரேஷன் பற்றி என் போனுக்கு எதுவும் அனுப்பாதே, மறந்துவிடாதே.

எங்களுக்குள் பேசி முடித்தது இதுதான். டாக்டர் அறைக்குள் அவன் கூட வருவது நீ, நான் வெளியே பெஞ்சில். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது அவன். காரை அவன் ஓட்டக்கூடாது, அது நான் கேட்டது, சரி என்றான். மில்லில் நான் கழித்த இரண்டு கிலோவையும் சேர்த்து முழு எடையை அவன் வாயாலேயே டாக்டரிடம் சொல்வான். அதற்குப்பிறகு ஏறினாலும் இறங்கினாலும் எடை எவ்வளவு என்று நான் அவனைக் கேட்கவே கூடாது. ஒத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சூர்யகலா
ஆரணி