பதினோராம் அத்தியாயத்து அம்மா

ஆரணி,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை, அதை வலி என்று ஒத்துக்கொள்ளாமல் களம்பூர் அரிசி மில்லுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். நீ அந்த டப்ளின் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறோம், நீயும் காதை மூடி ஒரு குல்லா போட்டுக்கொண்டால் ஆண்டவருக்குப் பாதி வேலை குறையும். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு ஆஸ்பத்திரி டியூட்டி வந்துவிடுகிறது. அதோடு, நீ மெயிலில் அனுப்பிய நாவலை பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் அங்கங்கே எழுதி வைத்திருக்கிறேன், அந்தத் தாள்களோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். பதின்மவயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதியிருக்கிறேன், சென்னையில் ஒரு பதிப்பகம் போட ஒத்துக்கொண்டது, ஆனால் அதில் வரும் அம்மா செத்துப்போகிறாள், உனக்குக் கஷ்டமாக இருந்தால் சொல், புத்தகமே வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன் என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில். மாதக் கடைசிக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றாய், அதனால் நாளைக்கே தபாலில் போட்டுவிடுகிறேன்.

முதலில் நீ அனுப்பிய பார்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எல்லோரும் சிபாரிசு செய்யும் நாவல்கள், என் நாவலைப் படிப்பதற்கு முன்னால் இவற்றைப் படித்துவிடு, அப்போதுதான் இது எந்த ஜாதிப் புத்தகம் என்று உனக்குப் பிடிபடும் என்று எழுதியிருந்தாய். படித்தேன். கிணற்றில் விழுந்த டிரோனைத் தேடும் பையன்கள் கதை பதின்மூன்று வயதுக்கு ரொம்பச் சரி, ஓரிடத்தில்கூட மூச்சுவிட விடவில்லை. கபடி ஆடும் பெண்ணின் கதையை ஒன்பதாம் வகுப்பு படிக்கும் எந்தப் பெண்ணுக்கும் யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கலாம். ஹாஸ்டலில் பேய் வரும் கதையில் பேய் நன்றாக இருந்தது, வார்டன் சரியில்லை. ஒரே பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போகும் இரண்டு பிள்ளைகளின் காதல் கதை இருந்ததே, அதை அப்பா, முதலில் நான் பார்க்கிறேன், பெண் பிள்ளைகள் வந்து போகும் வீடு என்று எடுத்துக்கொண்டு போனார். போனது போனதுதான். மில்லுக்கு டிபன் பையில் வைத்து எடுத்துப் போய்ப் படித்திருக்கிறார். கேட்டால் இன்னும் சோதித்து முடியவில்லை என்கிறார். ஆகவே அது பதினேழு வயதுக்கும் பொருந்தும், அறுபதுக்கும் பொருந்தும் என்று உன் பதிப்பகத்தாரிடம் சொல்லிவை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இந்தப் புத்தகங்களில் அம்மாமார்கள் எல்லாம் எங்கே போய்விட்டார்கள்? டிரோன் பையனுக்கு அம்மா இல்லை. கபடிப் பெண்ணுக்கு முதல் பக்கத்திலேயே சுவரில் மாலை போட்ட போட்டோ. ஹாஸ்டல் பெண்ணின் அம்மா குவைத்தில். காதல் கதையில் அம்மா இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன், அவளையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். சோறு போட ஆள் இல்லாத வீடாகத் தேடிப் பிடித்துத்தான் கதை எழுதுகிறார்கள் போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன், அம்மா இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ என்பாள், பிறகு பிள்ளை எங்கே கிணற்றில் இறங்கும் என்றார். அவர் பேசுவதிலும் சில சமயம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அந்தக் கடுப்போடுதான் உன் நாவலை எடுத்தேன். தனியாகப் படிக்கவில்லை. பட்டுப் புடவை முந்திக்குக் குஞ்சம் கட்ட சனிக்கிழமைகளில் பெண்கள் நம் வீட்டுக்கு வருவது உனக்குத் தெரியும், கை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும், காது சும்மாதான் இருக்கும். செல்போனில் பாட்டு வைக்கிறதுக்குப் பதிலாக நான் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது வருகிறவர்களில் முள்ளிப்பட்டு எழிலரசி ப்ளஸ் டூ, நம் தெரு ஜெயப்ரியா பத்தாவது. நீ கேட்ட மாதிரி சரியான வயதில் இரண்டு வாசகிகள், இரண்டும் வாயாடிகள். நீ எழுதிய அம்மா ரசத்தில் வெல்லம் போட்டதுமே இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இது நீ இல்லை என்று என்னிடம் போனில் எத்தனை தரம் சொன்னாய். ஆரணி முழுக்கத் தேடினாலும் ரசத்தில் வெல்லம் போடுகிற இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். போகட்டும், அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல புடவையாவது கொடு. பட்டு நெய்யும் ஊரில் இருந்துகொண்டு சாகும்வரை நைட்டியிலேயே திரிகிறாள், அந்தப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

பதினோராம் அத்தியாயம் வந்தது. எனக்கு முன்கூட்டியே தெரிந்ததுதான், இருந்தாலும் அந்த அம்மா பால் காய்ச்ச எழுந்து அப்படியே உட்கார்ந்துவிடும் இடத்தை என்னால் சத்தமாகப் படிக்க முடியவில்லை, முணுமுணுத்துத்தான் படித்தேன். ஜெயப்ரியா தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். மடியில் இருந்ததோ நெசவு மாஸ்டர் தசரதன் ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுத்திருந்த மாம்பழ நிறப் புடவை, பட்டில் ஒரு சொட்டு விழுந்தால் வட்டம் போட்டுவிடும். எழிலரசி வெடுக்கென்று புடவையைப் பிடுங்கினாள், பிரித்து வைத்திருந்த இழையெல்லாம் சிக்கிக்கொண்டது. சொல்லி வைத்த மாதிரி அந்த நேரத்தில் தசரதன் உள்ளே வருகிறார். மூன்று பேர் கண்ணும் சிவந்திருப்பதைப் பார்த்து நிலைவாசலைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டார், யாருக்கு இன்னா ஆச்சு ரோஸிம்மா என்று. புக்குல அம்மா செத்துட்டாங்கண்ணா என்று ஜெயப்ரியா சொன்னாள். அட பேஜாரு, நான் வேற என்னமோ நெனச்சி பயந்துட்டேன், ஜல்தியா முடிங்க, நாளைக்கு பார்ட்டி வர்றாங்க என்றார். சொன்னவர் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுக்காரரு அப்பறம் இன்னா செஞ்சாரு என்று கேட்டார். அவருக்காகப் பன்னிரண்டாம் அத்தியாயமும் படித்தேன். முந்தி முடிச்சையெல்லாம் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து கட்டினோம்.

அன்றைக்கே இவர்களிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். அக்கா புத்தகம் போடட்டுமா வேண்டாமா, அந்த அம்மாவைப் பிழைக்க வைத்துவிடச் சொல்லட்டுமா என்று. உண்மையைச் சொன்னால் நான் பிழைக்க வைக்கச் சொல்லத்தான் இருந்தேன் ஹெப்சி. எனக்குப் பிடிக்கவில்லை. பெற்ற பெண் உட்கார்ந்து யோசித்து யோசித்து நம்மை மண்ணுக்கு அனுப்பியிருக்கிறாளே என்று இரண்டு நாள் நெஞ்சு கனத்தது, அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஜெயப்ரியா என் பக்கம்தான். என்னாத்துக்கு ஆன்ட்டி சாவணும், எங்கனா ஊருக்குப் போயிருக்காங்கன்னு எழுதினா போதாதா என்றாள். எழிலரசி குனிந்த தலை நிமிராமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போன வருஷம் அம்மா தவறிவிட்டாள், உனக்குத் தெரியாது. எல்லா புக்குலயும் அம்மா செத்துடறாங்க ஆன்ட்டி, ஆனா அன்னிக்கு வூட்ல யாரு சோறு வடிச்சாங்க, அவங்க ஊற வெச்ச துணிய யாரு அலசிப் போட்டாங்கன்னு ஒருத்தரும் எழுதல, அக்காதான் எழுதியிருக்காங்க, நான்தான் அலசிப் போட்டேன், அழுதுகினே அலசினேன், அத எடுத்துடச் சொல்லாதீங்க என்றாள். அந்தத் தாள்களை மட்டும் ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள்.

ஆகவே பதில் இதுதான், போடு. தாராளமாகப் போடு. ஒரு எழுத்தும் மாற்றாதே, நைட்டியைத் தவிர. சர்ச்சில் யாராவது ரோஸி அக்கா, உங்க பொண்ணு உங்களையே சாகடிச்சிட்டாளாமே என்று கேட்டால் என்ன சொல்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்கும் பெருமைதான், ஆனால் தன்னைப் பற்றி இரண்டு அத்தியாயம் எழுதியிருக்கலாம் என்று மனத்தாங்கல். அச்சாகி வந்தால் முதல் பிரதி எழிலரசிக்கு, பேர் எழுதிக் கொடு. தசரதனும் ஒன்று கேட்டிருக்கிறார், அவர் மகளுக்கு என்கிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைப் பென்சிலால் எழுத மனம் வரவில்லை. உன் கதையில் அந்த அம்மாவின் பெண் சென்னையில் நர்சிங் படிக்கப் போனவள், கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, ஈஸ்டருக்கு வரவில்லை, ஒவ்வொரு தடவையும் லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொல்கிறாள். அம்மா பரவாயில்லைம்மா, நீ படி என்கிறாள். நானும் அப்படித்தானே சொல்வேன், நீ மூன்று வருஷமாக வரவில்லை, ஒவ்வொரு தடவையும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். பரவாயில்லை என்பது பொய் ஹெப்சி. அம்மா செத்த செய்தி போனதும் அவள் வார்டனிடம் லீவு கேட்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், விடியற்காலை முதல் பஸ்ஸில் ஆரணி வந்து இறங்குகிறாள். அந்தப் பக்கத்தை அப்பா வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்து வந்ததும் நெட்டில் உட்காராமல் தூங்கு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக, எழுதுகிற கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த டிசம்பருக்கு இப்போதே எழுதிக் கொடுத்துக் கேள். மறந்துவிடாதே, கதைக்குத்தான் அம்மா சாக வேண்டும், லீவுக்கு அல்ல.

என்றும் உன் அம்மா,
ரோஸி பவுல்துரை